75ஆம் சுற்றில் இரண்டே நகரங்கள்: பின்தங்கிய ஆட்டத்தை மீட்க வழி உண்டா?

குன்றத்து_மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பரங்குன்றத்தைச் சேர்ந்தவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு நாகரிகத்தைச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் சிவிலைசேஷன் 6 என்னும் கணினி ஆட்டத்தை, ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் ஆகிய இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்து, கடந்த கோடை விடுமுறையிலிருந்து ஆடி வருகிறேன். பிரின்ஸ் நிலையில் மூன்று ஆட்டங்களை வென்ற பிறகு, இப்போதுதான் முதன்முறையாக அதைவிடக் கடினமான கிங் நிலைக்கு வந்திருக்கிறேன். சந்திரகுப்தரின் இந்தியா, இயல்பு வேகம், 500 சுற்று ஆட்டம். 75ஆம் சுற்றில் நிற்கிறேன். இரண்டே நகரங்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். இந்த ஆட்டத்தின் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

சுற்று 6: தலைநகர் நிறுவியாயிற்று. ஆறும் மலையும் அருகருகே உள்ள இடம் தேடி ஐந்து சுற்று நடந்தேன்.
சுற்று 19: வேவு பார்க்கும் ஸ்கவுட்டை, எந்த நாட்டையும் சாராத பகைவர்களான பார்பேரியன்கள் கொன்றுவிட்டார்கள். அதுவரை ஒரே ஒரு நகர அரசைத்தான் சந்தித்திருந்தேன்.
சுற்று 24: இரண்டாம் நகர். குன்றின் மேல்; இரண்டு வைரக் கட்டங்கள் கைக்குள்.
சுற்று 28: தொங்கும் தோட்டம் என்னும் உலக அதிசயம் தொடக்கம்.
சுற்று 30: தலையில் சிவப்பு ஆச்சரியக்குறியுடன் ஒரு பார்பேரியன் ஸ்கவுட் தலைநகரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.
சுற்று 41: வயல், சுரங்கம் அமைக்கும் பில்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சுரங்கமும் நாசம்.
சுற்று 55: தொங்கும் தோட்டம் முடிந்தது.

தலைநகரின் மக்கள்தொகை 6, இரண்டாம் நகரில் 2. சுற்றுக்கு 9 அறிவியல் கிடைக்கிறது. எனக்குக் கிழக்கே இருக்கும் டிராஜனின் ரோமுக்கு ஆறு நகரங்கள், சுற்றுக்கு 22 அறிவியல். தலைநகரின் உற்பத்தி 11. என்னிடம் இரண்டு வாரியர்கள் மட்டுமே இருக்கிறார்கள். காலாட்படை என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

பிரின்ஸ் நிலையில் இதே போன்ற மெதுவான தொடக்கத்திற்குப் பிறகும் நான் வென்றிருக்கிறேன் என்பதால், இந்த முறை எங்கே தவறினேன் என்பது எனக்குத் தெளிவாகப் புரியவில்லை. இந்த ஆட்டத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா, அல்லது இங்கிருந்தே மீட்க முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். மீட்க முடியும் என்றால், அடுத்த முப்பது சுற்றுகளில் எதை முதலில் செய்வது? எனக்கு இந்த ஆட்டத்தை விட மனம் இல்லை.


தெப்பக்குளக்கரை எழுதியது:

தம்பி, ஆட்டத்தைக் கைவிட வேண்டாம். நோட்டைப் படித்துப் பார்த்தேன். நோய் எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. நான் வண்டியூரில் இருந்து எழுதுகிறேன். இந்தத் தொடரைச் சிவிலைசேஷன் 4 வெளிவந்த நாள்களிலிருந்து ஆடுகிறேன், கிங், எம்பரர் ஆகிய நிலைகளில் இதைப் போன்ற தொடக்கங்கள் எனக்கும் பலமுறை வாய்த்திருக்கின்றன.

முதலில் நிலையைப் பற்றி ஒரு சொல். பிரின்ஸ் நிலையில் கணினிக்கும் நமக்கும் எந்தச் சலுகை வேறுபாடும் இல்லை. கிங்கிலிருந்து மேலே போகப் போகக் கணினிக்கு உற்பத்தி, பொன், அறிவியல், பண்பாடு ஆகிய அனைத்திலும் விழுக்காட்டுக் கணக்கில் கூடுதல் கிடைக்கிறது. போரிலும் சிறிது வலிமை சேர்கிறது. மிகக் கடினமான டெய்ட்டி நிலைக்குப் போனால் அது, புதிய நகரம் நிறுவும் செட்லர்கள் மூவருடனேயே ஆட்டத்தைத் தொடங்கும். ஆகவே நீங்கள் பிரின்ஸில் செய்த அதே தாமதம் இங்கே இரு மடங்காகத் தெரிகிறது. உங்கள் ஆட்டத்திறன் குறைந்துவிடவில்லை. பொறுத்துப் போகும் இடம்தான் குறைந்திருக்கிறது.

நீங்கள் 9க்கும் 22க்கும் உள்ள அறிவியல் வேறுபாட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். நான் பார்ப்பது 2க்கும் 6க்கும் உள்ள வேறுபாட்டை. இந்த ஆட்டத்தில் அறிவியலும் பண்பாடும் பொன்னும் நகரங்களின் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து வருபவை. டிராஜன் நிறுவும் ஒவ்வொரு நகரத்திற்கும் தொடக்கத்திலேயே ஒரு நினைவுச்சின்னம் இலவசமாகக் கிடைத்துவிடும். ஆறு நகரங்கள் என்றால் ஆறு நினைவுச்சின்னங்கள். அதை நீங்கள் அறிவியல் தரும் ஒரு கேம்பஸைக் கட்டிச் சமன் செய்துவிட முடியாது. அடுத்த முப்பது சுற்றுகளுக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: நகரங்களின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஐந்தாக்குவது. அறிவியல் எண்ணை அதுவரை பார்க்கவே வேண்டாம்.

தொங்கும் தோட்டத்தின் கணக்கைப் பாருங்கள். அதன் விலை 180 உற்பத்தி. செட்லரின் விலை முதலில் 80. ஒவ்வொன்றைப் பயிற்றுவிக்கும்போதும் அடுத்ததின் விலை 30 கூடும். நீங்கள் 28ஆம் சுற்றில் இரண்டாவது செட்லரைத் தொடங்கியிருந்தால் அதற்கு 110 போதும். மீதி 70இல் தலைக்கு 35 வீதம் கவண் எறியும் ஸ்லிங்கர்கள் இருவர் வந்திருப்பார்கள். அதாவது, மூன்றாவது நகரமும் அதைக் காக்க இரண்டு ஸ்லிங்கர்களும் 27 சுற்றுகளில் கிடைத்திருக்கும். அந்த இரண்டு பேர் இருந்திருந்தால் 41ஆம் சுற்றில் பில்டரும் பறிபோயிருக்க மாட்டார். தோட்டம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது எல்லா நகரங்களின் வளர்ச்சியையும் 15 விழுக்காடு உயர்த்துகிறது. ஆனால் உயர்த்துவதற்கு நகரங்கள் இருக்க வேண்டும் அல்லவா? இனி நீங்கள் நிறுவும் ஒவ்வொரு நகரத்திற்கும் அந்த 15 விழுக்காடு சேரும் என்பதால், செலவழித்த 180ஐ மீட்க வழியும் நகரங்களைப் பெருக்குவதுதான்.

எப்படிப் பெருக்குவது என்பதற்கு வருகிறேன். உங்கள் மொத்த மக்கள்தொகை 8. ஆறு பேர் சேர்ந்தாலே 'ஏர்லி எம்பயர்' என்னும் பண்பாட்டுப் படிக்கு உந்துதல் கிடைத்துவிடும், அதாவது அதன் செலவில் 40 விழுக்காடு குறைந்துவிடும். அதை இன்னும் முடிக்கவில்லை என்றால் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் 'காலனைசேஷன்' என்னும் கொள்கை அட்டை வரும். செட்லர் உற்பத்திக்கு அது 50 விழுக்காடு கூட்டும். உங்களுடைய அடுத்த மூன்று செட்லர்களின் விலை 110, 140, 170, மொத்தம் 420. அட்டை இருந்தால் ஏறத்தாழ 280 உற்பத்தியில் மூன்றும் முடிந்துவிடும். தலைநகரின் 11 உற்பத்தியில் அது 26 சுற்று வேலை. பொருளாதார அட்டைக்கு ஒரே ஒரு இடம்தான் இப்போது இருக்கிறது. அதில் 'அர்பன் பிளானிங்' இருக்கும் என்று ஊகிக்கிறேன், அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். ஒரு பண்பாட்டுப் படி முடியும் சுற்றில் மாற்றினால் பொன் செலவு இல்லை.

அந்த 26 சுற்றையும் குறைக்கலாம். தலைநகரைச் சுற்றிக் காடு இருந்தால், ஒரு பில்டரை உருவாக்கி, செட்லர் பாதியில் இருக்கும்போது மரங்களை வெட்டுங்கள். வெட்டுவதால் வரும் உற்பத்தி மொத்தமாக அந்த நகரத்தின் அப்போதைய வேலைக்குப் போய்ச் சேரும், காலனைசேஷன் அட்டையின் 50 விழுக்காடும் அதன்மேல் கூடும். மேக்னஸ் என்னும் ஆளுநரைத் தலைநகரில் அமர்த்தி, அவர் நிலைபெற ஐந்து சுற்று காத்திருந்து வெட்டினால் மேலும் 50 விழுக்காடு. காட்டை வெட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் தொடக்கத்தில் வராது. ஆயினும் பின்தங்கியிருப்பவருக்குக் காடு என்பது வட்டியில்லாமல் கிடைக்கும் முன்பணம்.

தலைநகரில் ஒவ்வொரு செட்லர் புறப்படும்போதும் ஒரு மக்கள்தொகை குறையும். குறையட்டும். ஆறாக இருக்கும் நகரம் ஐந்தாகி மீண்டும் ஆறாவதற்கு அதிக நாள் ஆகாது.

இரண்டு கேள்விகள்: இரண்டாம் நகருக்கு அருகே ஆறோ ஏரியோ உண்டா? வைரக் கட்டங்கள் இரண்டிலும் சுரங்கம் போட்டிருக்கிறீர்களா?


குன்றத்து_மாணவன் எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டியதற்கு மிக்க நன்றி. 180க்குள் ஒரு செட்லரும் இரண்டு ஸ்லிங்கரும் சரியாக அடங்கியிருக்கும் என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏர்லி எம்பயர் இன்னும் மூன்று சுற்றில் முடியும். தலைநகரைச் சுற்றி நான்கு காட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாம் நகருக்கு அருகே ஆறு, ஏரி, கடல் எதுவும் இல்லை. வைரத்திற்காகவே அங்கே போனேன். இரண்டு வைரக் கட்டங்களிலும் சுரங்கம் உண்டு. பார்பேரியன்கள் நாசம் செய்தது இரும்பற்ற ஒரு வெறும் குன்றுச் சுரங்கத்தை. ராணுவ அட்டை இடத்தில் 'சர்வே' இருக்கிறது. தொடக்கத்தில் ஸ்கவுட்டுக்காகப் போட்டது.


உசிலை_வருயானை எழுதியது:

தம்பிக்கு நான் சொல்லும் வழி வேறு. நகரங்கள் வேண்டும் என்பதில் தெப்பக்குளக்கரை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆறு நகரங்கள் கிழக்கே ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கும்போது, நாம் ஏன் வெறும் நிலத்தில் தொடங்க வேண்டும்?

சந்திரகுப்தரை எடுத்துக்கொண்டு அமைதியாக ஆடுவது, உழவு மாட்டைத் தொழுவத்திலேயே கட்டிப்போடுவதற்குச் சமம். 'மிலிட்டரி டிரெய்னிங்' என்னும் பண்பாட்டுப் படி முடிந்ததும், மற்ற தலைவர்களுக்கு மிகவும் பின்னால் கிடைக்கும் நில விரிவாக்கப் போரை அவர் அறிவிக்கலாம். அறிவித்த முதல் 10 சுற்றுகளுக்கு அவருடைய படைகளுக்கு நகர்வு 2 கூடும், போர் வலிமை 5 கூடும். இந்தியாவின் தனிப்படையான வரு யானைக்கு வலிமை 40. அதை ஒட்டி நிற்கும் பகைவர் ஒவ்வொருவருக்கும் 5 குறையும். 'ஹார்ஸ்பேக் ரைடிங்' கண்டறிந்தால் போதும். ஒரு மேய்ச்சல் நிலம் அமைத்தால் அதற்கும் உந்துதல் கிடைத்துவிடும்.

நான் போன மாதம் இதே தலைவரை வைத்துக் கிங் நிலையில் ஆடியபோது மூன்று நகரங்களுடன்தான் 80ஆம் சுற்றைத் தொட்டேன். ஐந்து வரு யானைகளுடன் பக்கத்து நாட்டில் இறங்கி, அந்த 10 சுற்றுகள் முடிவதற்குள் மூன்று நகரங்களைப் பிடித்தேன். அவற்றில் இரண்டில் மதில் இல்லை. மக்களும் வயல்களும் சுரங்கங்களும் தயாராக இருந்த நகரங்கள் அவை. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் பார்பேரியன் விஷயத்தை முதலில் முடியுங்கள். ஸ்கவுட் செத்த பிறகும் சர்வே அட்டையை வைத்திருப்பதில் பயன் இல்லை. அதை எடுத்துவிட்டு 'டிசிப்ளின்' போடுங்கள், பார்பேரியன்களுக்கு எதிராக வலிமை 5 கூடும். இரண்டு ஸ்லிங்கர்களை உருவாக்கி வாரியர்களுடன் சேர்த்து முகாமுக்கு அனுப்புங்கள். ஸ்லிங்கர் கையால் ஒரு பகைவன் செத்தால் வில்வித்தைக்கு உந்துதல். மூன்று பார்பேரியன்களைக் கொன்றால் வெண்கலத்திற்கு. முகாமை அழித்தால் 'மிலிட்டரி டிரடிஷன்' என்னும் பண்பாட்டுப் படிக்கு. பிடிபட்ட பில்டர் இன்னும் முகாமில் இருந்தால் அவரையும் மீட்டுக்கொண்டு வரலாம். ஒரு படையெடுப்பில் இத்தனை கிடைக்கும். பின்தங்கியவருக்கு உந்துதல்களைவிட மலிவான அறிவியல் வேறு எதுவும் இல்லை.

முகாமை அழித்த பிறகு படைகளை ஊருக்குத் திரும்ப அழைத்துவிடாதீர்கள். யாருடைய பார்வையும் படாத இருட்டுக் கட்டங்களில்தான் புதிய முகாம் முளைக்கும். மேடான இடங்களில் ஆளுக்கொரு திசையில் நிறுத்திவிட்டால், அந்தப் பக்கம் உங்களுக்குத் தொல்லை இராது.


மேலூர்_கடைமடை எழுதியது:

உசிலை அண்ணன் பார்பேரியன் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தம்பி அப்படியே கடைப்பிடிக்கலாம். போரைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

ஒரு வரு யானையின் விலை 120. நான்கு யானைகளுக்கு 480. குதிரைப்படைக்கு 50 விழுக்காடு கூட்டும் 'மனூவர்' அட்டையைப் போட்டாலும் 320 ஆகும். தம்பியின் தலைநகரம் 11 உற்பத்தியில் அதை முடிக்க 30 சுற்று வேண்டும். அதுவரை செட்லர் ஒன்றும் புறப்படாது. எதிரே இருப்பது ரோம். இரும்பு கிடைத்துவிட்டால் லீஜியன் என்னும் ரோமின் தனிப்படை வரும். அதற்கும் வலிமை 40. கிங் நிலையில் கணினிக்குச் சேரும் வலிமையும் உண்டு. உசிலை அண்ணன் மூன்று நகரங்களை வைத்துக்கொண்டு ஐந்து யானைகளைத் திரட்டினார். தம்பியிடம் இருப்பது உண்மையில் ஒன்றேகால் நகரம். 280 உற்பத்தியில் மூன்று நகரங்கள் உறுதியாக வரும்போது, 320 உற்பத்தியை வெல்லுமோ தோற்குமோ என்னும் போரில் போடுவது இப்போதைக்கு வேண்டாம். நகரங்கள் ஐந்தான பிறகு அதே நான்கு யானைகள் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் உருவாகும். போர் வேண்டும், 110ஆம் சுற்றுக்குப் பிறகு வேண்டும் என்பதே என் கருத்து.

ஒன்றேகால் என்று ஏன் சொன்னேன் என்றால், இரண்டாம் நகரம் இன்னும் நகரமாகவில்லை. நாங்கள் பெரியாற்றுப் பாசனத்தின் வால் பகுதியில் இருப்பவர்கள். தண்ணீர்க் கணக்கு எனக்கு வீட்டுப் பாடம். இந்த ஆட்டத்தில் ஆறு, ஏரி அல்லது பாலைவனச் சோலை நீரை ஒட்டி நகரம் அமைத்தால் தொடக்கத்திலேயே வீட்டுவசதி 5 கிடைக்கும். கடலோரம் மட்டும் என்றால் 3. எந்த நீரும் இல்லை என்றால் 2. மக்கள்தொகைக்கும் வீட்டுவசதிக்கும் இடையே ஒன்றுதான் மீதி என்றாலே வளர்ச்சி பாதியாகிவிடும். மீதியே இல்லை என்றால் நான்கில் ஒரு பங்காகிவிடும். தம்பியின் இரண்டாம் நகரம் நிறுவிய நாளிலிருந்தே பாதி வேகத்தில் வளர்ந்து, இரண்டைத் தொட்டதும் கால் வேகத்திற்கு வந்துவிட்டது. ஐம்பது சுற்றுகளாக அது மெதுவாக வளர்வதற்குக் காரணம் உணவுப் பற்றாக்குறை இல்லை, தங்க இடம் இல்லாததுதான். சுரங்கங்கள் வீட்டுவசதி தராது என்பதால் வைரமும் அதற்கு உதவவில்லை.

இதற்கு மருந்து தம்பியின் கையிலேயே இருக்கிறது, அதை இன்னும் யாரும் சொல்லவில்லை. தொங்கும் தோட்டம் கட்டியவருக்கு 'இரிகேஷன்' தெரிந்திருக்கும். இரிகேஷன் தெரிந்த இந்தியாவுக்குப் படிக்கிணறு கட்டத் தெரியும். இந்தியாவைத் தவிர வேறு எவருக்கும் இல்லாத மேம்பாடு அது: உணவு 1, வீட்டுவசதி 1, வயலை ஒட்டி அமைத்தால் உணவு இன்னும் கூடும். குன்றின் மேல் கட்ட முடியாது, இரண்டு கிணறுகளை அடுத்தடுத்தும் கட்ட முடியாது. நகரம் குன்றின் மேல் இருந்தாலும் சுற்றிச் சமதளக் கட்டம் ஒன்றாவது இருக்கும், அதில் கட்டுங்கள். பிறகு அந்த நகரத்தில் ஒரு தானியக் களஞ்சியம். அது வீட்டுவசதி 2 தரும். இரண்டிலிருந்து ஐந்தாகிவிடும், அதாவது ஆற்றங்கரையில் அமைத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதே அளவு. பின்னால் பொறியியல் வந்ததும் மலையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ நீர்வழி கொண்டுவரலாம்.

எங்கள் பக்கத்தில் 1895இல் பெரியாற்று அணை திறந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திரும்பிய பிறகுதான் மேலூர் வட்டாரத்தில் நெல் நிலைத்தது. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளமும் வைகை நீரை வாய்க்கால் வழியே வாங்கி நிற்பதுதான். ஊர் எங்கே என்பதை ஆறு முடிவு செய்யும். ஆறில்லாத இடத்தில் ஊர் இருந்துவிட்டால் தண்ணீரை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த மூன்று செட்லர்களையும் ஆற்றங்கரைக்கே அனுப்புங்கள். நகரங்களுக்கு இடையில் மூன்று கட்டங்கள் இருந்தாலே ஆட்டம் அனுமதிக்கும். நெருக்கமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஒன்பது கட்டங்களுக்குள் இருக்கும் நகரங்களின் மக்கள்தொகை ஒன்றன் விசுவாசத்தை மற்றொன்று தாங்கும் என்பதால், ரோம் எல்லைப் பக்கம் நெருக்கமாக அமைப்பதே பாதுகாப்பு.


தெப்பக்குளக்கரை எழுதியது:

மேலூர்க்காரர் சொன்ன படிக்கிணற்றை நான் விட்டுவிட்டேன். மிகச் சரியான மருந்து. செட்லருக்கு முன்பாகவே ஒரு பில்டரை இரண்டாம் நகரிலிருந்து எடுங்கள் தம்பி. விலை சிறியதுதான், கிணறும் முடிந்துவிடும், மீதிப் பணிகளைத் தலைநகர்க் காட்டில் பயன்படுத்தலாம்.

வைரத்தைப் பற்றிக் கேட்டதன் காரணம் இது. ஒரே ஆடம்பரப் பொருளின் இரண்டாவது பிரதி உங்களுக்கு எந்த மகிழ்ச்சியையும் கூட்டாது. முதல் பிரதியே நான்கு நகரங்கள் வரை எட்டும். இரண்டாவது வைரத்தை ரோமுக்கே விற்றுவிடுங்கள். முதலாவதை விற்க வேண்டாம், ஆறு பேர் உள்ள தலைநகருக்கு அது தேவை. சுற்றுக்கு இத்தனை பொன் என்று ஒப்பந்தம் செய்தால், முப்பது சுற்றுக்கு நிலையான வரவு. அந்தப் பொன்னைச் சேர்த்து வைத்து ஒரு பில்டரையோ, முடிந்தால் ஒரு செட்லரையோ விலைக்கு வாங்குங்கள். சில்லறைச் செலவு எதற்கும் அதைத் தொட வேண்டாம்.

30 உற்பத்தியில் ஒரு ஸ்கவுட்டும் அனுப்புங்கள். மூன்று நகர அரசுகளைச் சந்தித்தால் 'பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி' என்னும் படிக்கு உந்துதல் கிடைக்கும். அதை முடித்துக் கிளாசிக்கல் ரிபப்ளிக் ஆட்சிக்கு மாறினால் பொருளாதார அட்டைக்கு இரண்டு இடங்கள் வரும், காலனைசேஷனையும் அர்பன் பிளானிங்கையும் ஒரு சேர வைத்துக்கொள்ளலாம். யாரும் சந்திக்காத நகர அரசை நீங்கள் முதலில் சந்தித்தால் ஒரு தூதுவரும் இலவசம்.


குன்றத்து_மாணவன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் தேர்வு வந்துவிட்டது, அதனால் தாமதம். ஆட்டம் 118ஆம் சுற்றில் இருக்கிறது. இப்போது ஆறு நகரங்கள்.

நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றினேன். இரண்டாம் நகரின் தெற்கே ஒரே ஒரு சமதளக் கட்டம் இருந்தது. அங்கே படிக்கிணறு கட்டினேன். 79ஆம் சுற்றில் கிணறு முடிந்தது. களஞ்சியம் முடிவதற்குள்ளாகவே மக்கள்தொகை 3 ஆனது. ஐம்பது சுற்றுகள் அசையாமல் கிடந்த எண் மாறியதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. இப்போது அந்த நகரில் 5 பேர் இருக்கிறார்கள்.

முகாமை 84ஆம் சுற்றில் அழித்தோம். டிசிப்ளின் அட்டையுடன் இரண்டு ஸ்லிங்கர்களும் இரண்டு வாரியர்களும் போனார்கள். ஒரு வாரியர் இறந்தார். பில்டர் முகாமிலேயே இருந்தார், மீட்டுவிட்டேன். அவரைக் கொண்டே தலைநகரின் நான்கு காட்டுக் கட்டங்களில் மூன்றை வெட்டினேன். நான்காவதை வெட்டவில்லை, அதற்குள் செட்லர் முடிந்துவிட்டது. மேக்னஸ் நிலைபெறும் வரை காத்திருந்தது நல்லதாயிற்று, ஒவ்வொரு வெட்டுக்கும் செட்லரின் பாதையில் பல சுற்றுகள் குறைந்தன.

மூன்றாம் நகரம் 86ஆம் சுற்றில், நான்காவது 93இல், ஐந்தாவது 104இல். மூன்றும் ஒரே ஆற்றின் கரையில், இடையில் நான்கு நான்கு கட்டங்கள் விட்டு அமைந்தன. ஆறாவது செட்லரை வைரம் விற்ற பொன்னில் 115இல் வாங்கினேன். ரோமுக்கு இப்போது ஏழு நகரங்கள், அறிவியல் 31. எனக்கு 24. வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஆனால் 75ஆம் சுற்றில் நான் அவர்களில் பாதிகூட இல்லை.

அடுத்த கேள்வி ஒன்று உண்டு. நான்காம் நகரில் குதிரை மேய்ச்சல் கிடைத்ததால் ஹார்ஸ்பேக் ரைடிங் எளிதாக வந்தது. என்கேம்ப்மென்ட் என்னும் படைத்தளம் ஒன்றைக் கட்டியதால் மிலிட்டரி டிரெய்னிங்குக்கும் உந்துதல் கிடைத்து, அதுவும் முடிந்துவிட்டது. நான்கு வரு யானைகள் தயாராக இருக்கின்றன. ஆனால் ரோமின் அருகில் உள்ள நகரத்தில் இப்போது மதில் எழும்பிவிட்டது. மதிலை உடைக்க பேட்டரிங் ராம் ஒன்றைக் கட்டி யானைகளுடன் அனுப்பினால் போதுமா?


உசிலை_வருயானை எழுதியது:

போதாது தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். பேட்டரிங் ராம் காலாட்படைக்கும் ஈட்டிப்படைக்கும்தான் துணை நிற்கும். யானை குதிரைப்படைக் கணக்கில் வருவதால் அதனுடன் எத்தனை ராம் போனாலும் மதிலுக்கு ஒன்றும் ஆகாது. நான் பிடித்த மூன்றாவது நகரத்தில் மதில் இருந்தது. கல்லெறி எந்திரமான கேட்டபல்ட் இரண்டு இருந்ததால்தான் உடைத்தேன்.

பொறியியல் முடிந்திருந்தால் இரண்டு கேட்டபல்ட்களைக் கட்டுங்கள். கேட்டபல்ட் இல்லாமல் போரை அறிவிக்காதீர்கள். அறிவித்த சுற்றிலிருந்தே அந்த 10 சுற்றுகள் ஓடத் தொடங்கிவிடும், பாதி நாள் நடையிலேயே போய்விடும். கேட்டபல்ட்களை முன்கூட்டியே ரோமின் எல்லைக்கோட்டை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, யானைகளை அவற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு அறிவியுங்கள். யானைகள் மதிலை முட்ட வேண்டாம். வெளியே வரும் லீஜியன்களை ஒட்டி நின்று அவர்களின் வலிமையைக் குறைப்பதும், கேட்டபல்ட்களைக் காப்பதும் அவற்றின் வேலை. மதில் விழுந்ததும் ஒரு யானை உள்ளே போனால் போதும்.

வில்வீரர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். எந்த நகரத்தை முதலில் தொடுகிறீர்கள் என்பதைத் தொடும் முன் இங்கே எழுதுங்கள்; சுற்றியுள்ள ஆறு, குன்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகச் சொன்னால் கேட்டபல்ட் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.